வாய் கொப்பளித்துவிட்டு உப்பு பார்த்தவன்

என் மகனே, ஒரே வீட்டில், நடுவில் ஒரு சுவர் மட்டும் இருக்க, தகப்பன் மகனுக்குக் கடிதம் எழுதுகிறான் என்றால் விஷயம் வாயால் சொல்ல முடியாதது என்று நீயே புரிந்துகொள்வாய். உன் நிக்காஹ்வுக்கு இன்னும் எட்டு நாள். அதற்கு மறுநாள் வலீமா விருந்து. அந்த விருந்துக்குப் பிரியாணி யார் போடுவது என்று நேற்று சாப்பிடும்போது கேட்டாய். "இதென்னடா கேள்வி, நான்தான்" என்றேன். சரி என்று தலையாட்டினாய். ஆனால் தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பெசன்ட் நகர் போய் காஜாவுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வந்ததிலிருந்தே உன் முகம் அப்படித்தான் இருக்கிறது. பத்தொன்பது வருஷம் எனக்கு வலது கையாக நின்று அண்டா அண்டாவாகப் பிரியாணி இறக்கிய காஜா. "வர்றேன்னாரு" என்று ஒரு வார்த்தை சொன்னாய். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். கேட்காமல் விட்டதால் இன்றைக்கு உட்கார்ந்து எழுதவேண்டியிருக்கிறது. ஒரு வருஷத்துக்கு முன்னால் உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அது பொய் என்று உனக்கு இப்போது தெரியும். ஏன் சொன்னேன் என்பது தெரியாது.

அதைச் சொல்ல என் ஈறிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிரிக்காதே. ஒரு நாளைக்கு ஐந்து வேளை ஒளு செய்கிறவன் நான். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும்போது ஒவ்வொரு வேளையும் மூன்று தடவை வாய் கொப்பளிக்கிறேன். ஆக மொத்தம் பதினைந்து தடவை. திருவல்லிக்கேணியிலேயே என் வாயை விடச் சுத்தமான வாய் வேறு யாருக்கு இருக்கும் என்பது என் கணக்கு. அதனால் பிரஷ் எடுப்பது காலையில் ஒரு தடவை, அதுவும் அண்டா தேய்க்கிற வேகத்தில் அரை நிமிஷம். வேலை செய்யும் இடத்தில் வெற்றிலை வேறு. கொய்யாப்பழத்தைக் கடித்தால் கடித்த இடம் சிவப்பாக இருந்தது. சூடு என்று சொல்லி இளநீர் குடித்தேன். கீழ்வரிசையில் முன்பல் ஒன்று நாக்கால் தள்ளினால் லேசாக அசைந்தது. வயசு என்றேன். கல்யாணச் சமையலுக்குப் பேச வருகிறவர்கள் என்னோடு பேசும்போது அரை அடி பின்னால் நகர்ந்து நிற்பார்கள். என் மேல் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். உன் அம்மா டீ டம்ளரைக் கையை நீட்டித் தூரத்திலிருந்தே கொடுக்க ஆரம்பித்தபோதுகூட எனக்குப் புரியவில்லை. அவளுக்கு என் மேல் என்ன கோபமோ என்று மூன்று நாள் முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

உனக்குத்தான் புரிந்தது. கிண்டி எஸ்டேட்டில் உன் கம்பெனியில் சரக்கு சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது உன் வேலை. எதையும் உற்றுப்பார்க்கிற கண் உனக்கு. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வெளியே வந்தவனை, எங்கே ஏது என்று சொல்லாமல் வண்டியில் உட்காரவைத்து மயிலாப்பூர் கூட்டிப்போனாய். லஸ் பக்கம் போன பிறகுதான் பல் ஆஸ்பத்திரி என்று தெரிந்தது. படியேறும்போது, "அத்தா, நான் உள்ள வர்ல. நீங்களே பேசிக்குங்க" என்றாய். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. தகப்பனுடைய வாய் நாற்றத்தைப் பற்றி ஒரு டாக்டர் பேசும்போது மகன் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று இந்த வயதில் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் இல்லை. உன் வயதில் நான் என் தகப்பனின் குறட்டையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன்.

டாக்டரம்மா சின்னப் பெண். ஒளு கணக்கை அவரிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "தண்ணில கொப்பளிச்சா சாப்பாட்டுத் துணுக்கு போயிடும் பாய். பல்லு மேல பசை மாதிரி ஒட்டுது பாருங்க, பிளாக்னு சொல்லுவோம், அது போகாது. அது கிருமியோட வீடு. பிரஷ் போட்டுத் தேய்ச்சாத்தான் போகும். தேய்க்காம விட்டா காரை மாதிரி கெட்டியாயிடும், அதுக்கப்புறம் பிரஷ்ஷாலயும் முடியாது, நாங்கதான் எடுக்கணும். ஈறு வீங்கி ரத்தம் வர்றது அதனாலதான்" என்றார். அன்றைக்கு ஒரு பக்கம் மட்டும் சுத்தம் பண்ணினார். மறுபக்கத்துக்குப் பத்து நாள் கழித்து வரச்சொன்னார். ஒரு மவுத்வாஷ் எழுதிக்கொடுத்தார். அதில் சாராயம் கலந்திருக்குமா என்று கேட்டேன். சிலதில் இருக்கும், இதில் கிடையாது என்று பாட்டிலைத் திருப்பி எனக்குப் படித்தே காட்டினார். காலையும் இரவும் பத்து மில்லி, ஒரு நிமிஷம் வாயில் வைத்துத் துப்ப வேண்டும், பல் தேய்த்து அரைமணி நேரம் கழித்து, உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. இரண்டு வாரம்தான், அதற்கு மேல் வேண்டாம். "வேலையைப் பண்றது பிரஷ். இது கூடமாட ஒத்தாசை, அவ்வளவுதான்" என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மகனே, அந்த மருந்து நல்ல மருந்து. அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒரே வாரத்தில் ரத்தம் நின்றது, வீக்கம் வற்றியது, வாய் மணத்தது. உன் அம்மா டீயைப் பக்கத்தில் வந்து கொடுத்தாள். கெட்டுப்போனது என் புத்திதான். பாட்டிலே எல்லாம் செய்யும்போது, கொக்கி மாதிரி ஒரு கம்பியை வாயில் விட்டுச் சுரண்டிக்கொள்ள மறுபடி ஏன் போகவேண்டும்? சுரண்டினால் பல் ஆடும் என்று எங்கள் ஆட்கள் வேறு சொன்னார்கள். ஏற்கெனவே ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டு அதை நம்பினேன் பார். இரண்டாவது தடவை போகவில்லை. போனேன் என்று உன்னிடம் சொன்னேன். சின்னப் பொய் என்பதால் அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை. மெடிக்கல் ஷாப்பில் பாட்டில் மேல் பாட்டிலாக வாங்கினேன். இரண்டு வாரம் நாலு மாசம் ஆனது. இரண்டு வேளை மூன்று வேளை ஆனது. பிரஷ் போட்டால் இன்னும் லேசாக ரத்தம் வந்தது, அதனால் பிரஷ்ஷைத் தொடுவதையே குறைத்துவிட்டேன். சட்டைப்பையில் செல்போன், இடுப்பில் வெற்றிலைக்குப் பதிலாக மவுத்வாஷ் பாட்டில் என்று கல்யாண மண்டபம் மண்டபமாகத் திரிந்தேன். மற்ற மாஸ்டர்களுக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்து உபசரித்தேன்.

இப்போது உப்புக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முழுதாகச் சொன்னால்தான் என் தப்பின் அளவு தெரியும். பிரியாணியில் கறியும் மசாலாவும் வெந்து உலை கொதித்து நிற்கும்போது, அரிசியைப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை உப்பு பார்ப்போம். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைப்பது. அந்தத் தண்ணீர் கொஞ்சம் தூக்கலாக இருக்கவேண்டும், அரிசி இழுத்துக்கொண்ட பிறகு சரியாக வரும். அந்த ஒரு தடவைதான். அரிசி விழுந்து, மூடிபோட்டு, மேலே கரி கொட்டித் தம்மில் விட்டுவிட்டால் பிறகு யார் வந்தாலும் எதையும் மாற்ற முடியாது. குழம்பு என்றால் தண்ணீர் சேர்க்கலாம், உருளைக்கிழங்கு போடலாம். பிரியாணியில் மன்னிப்பே கிடையாது. முப்பது வருஷமாக ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்றால் அது மசாலாவால் வந்தது இல்லை, அந்தத் தண்ணீரை நாக்கில் வைக்கிற கணத்தால் வந்தது.

அடையாறு மண்டபத்தில் போன வருஷம் ஒரு கல்யாணம் நடந்த அன்றைக்குக் காலையில் பெண்ணின் தகப்பனார், தி.நகரில் தோல்பை விற்கும் கடை வைத்திருக்கிறவர், சமையல்கட்டுக்கு வந்தார். அவர் காதோடு பேசுகிற மனிதர். அதனால் நான் முன்னெச்சரிக்கையாக இரண்டு மூடி ஊற்றி நன்றாகக் கொப்பளித்துவிட்டு அவரோடு பேசினேன். பேசி முடித்ததும் உலை தயார். உப்பு பார்த்தேன். சப்பென்று இருந்தது. இரண்டு கை போட்டுக் கிளறிவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் சப்பென்றுதான் இருந்தது. மறுபடி உப்புப் பையில் கைவிட்டபோது காஜா கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், உப்பு கரீட்டா கீது. இதுக்கு மேல போடாதீங்க" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில், "எனக்கே உப்பு சொல்லித் தர்றியா நீ? தள்ளுய்யா" என்று கத்திவிட்டு மறுபடி இரண்டு கை போட்டேன். அவர் தள்ளி நின்றார். அரிசியைக் கொட்டினோம். மூடினோம்.

முதல் பந்தியில் தண்ணீர் பாட்டில் தீர்ந்துபோனது. பெரியவர்கள் இரண்டு வாய் வைத்துவிட்டுத் தயிர்ப் பச்சடியைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் தட்டைத் தள்ளிவிட்டன. பெண்ணின் தகப்பனார் என்னிடம் வந்து தோளில் கைவைத்து, "பாய், இன்னிக்கு என்னமோ கொஞ்சம்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்த நேரத்தில் நான் ஒரே ஒரு உண்மையான வார்த்தை சொல்லியிருக்கலாம். "நான் போட்ட உப்பு" என்று. அதற்குப் பதில், "இவன்தான். நான் போட்டது தெரியாம மறுபடி ஒரு தடவை போட்டுட்டான்" என்று காஜாவைக் காட்டினேன். காஜா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்த மனிதரிடம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, "தப்பாயிடுச்சுங்க. மன்னிச்சுக்குங்க" என்றார். அது போதாதென்று அன்று சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். சமையல் மாஸ்டர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு, எந்த மண்டபத்துக்கு ஆள் வேண்டும் என்று பேசிக்கொள்ளுகிற குழு. அதில் என் குரலிலேயே பதிவு செய்து போட்டேன். காஜாவுக்கு நாக்கு போய்விட்டது, உப்பு தெரியவில்லை, பார்த்துக் கூப்பிடுங்கள் என்று. அதற்குப் பிறகு ஒருவரும் அவரைக் கல்யாண வேலைக்குக் கூப்பிடவில்லை. பார்த்தசாரதி கோயில் தேர் போகும்போது உன்னைத் தோளில் தூக்கிக் காட்டினவர். அவர் வாயில் மண்ணைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

நீ கண்டுபிடித்த விதம் இருக்கிறதே, அதை நினைக்கும்போதெல்லாம் உன்னைப் பெற்றதற்குப் பெருமைப்படுகிறேன். வீட்டில் நான் வைத்த தால்ச்சாக் குழம்பை இரண்டு நாள் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டாய். மூன்றாம் நாள் நாலு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாய். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் உப்பு, ஒன்றை விட ஒன்று கூட. டம்ளருக்கு அடியில் நம்பர் ஒட்டியிருந்தாய். "அத்தா, சும்மா ஒரு விளையாட்டு. எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாய். நான் முதல் இரண்டும் வெறும் தண்ணீர் என்றேன். மூன்றாவது லேசாக உப்பு என்றேன். நாலாவதைக் குடித்துவிட்டு, "இதுதான்டா பிரியாணி உலை" என்றேன். உன் அம்மா அதை வாங்கி வாயில் வைத்த வேகத்தில் துப்பிவிட்டு, "கடல் தண்ணிங்க இது" என்றாள். நான் மறுபடி ஒரு மடக்கு குடித்துப் பார்த்தேன். நீ பதறவில்லை. குளியலறைக்குப் போய் மவுத்வாஷ் டப்பாவை எடுத்துவந்து, உள்ளே மடித்துவைத்திருக்கும் காகிதத்தைப் பிரித்து, எறும்பு எழுத்தில் இருந்ததைச் செல்போன் வெளிச்சத்தில் எனக்குப் படித்துக் காட்டினாய். இந்த மருந்தால் நாக்கின் ருசி மாறலாம். தொடர்ந்து பயன்படுத்தினால் பல் பழுப்பாகலாம். அந்த டாக்டரம்மாவுக்கும் அங்கேயே போன் போட்டுக் கேட்டாய். முக்கியமாக உப்பு ருசிதான் மங்கும், நிறுத்தினால் திரும்பிவிடும் என்றார். கண்ணாடியில் என் பல்லைப் பார்த்தேன். டீக்கறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது டீக்கறை இல்லை.

நாலு பாட்டில் காலியாகக் கிடந்ததைப் பார்த்தும் நீ ஒரு சொல் திட்டவில்லை. டம்ளர்களை அடுக்கிக்கொண்டே, "அத்தா, அப்ப காஜா மாமா சரியாத்தான் சொல்லிக்கீறாரு" என்றாய். மண்டபத்தில் நடந்தது உன் காதுக்கும் வந்திருந்தது. "அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாய். சொல்கிறேன் என்றேன். நாலு நாள் கழித்து நீயே கேட்டாய். "சொல்லிட்டேன். பாவம், பரவால்ல மாஸ்டர்னுட்டான்" என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "எனக்குத் தெரியும் அத்தா, நீங்க சொல்லுவீங்கன்னு" என்றாய். மகனே, நான் காஜாவின் வீட்டுப் பக்கமே போகவில்லை. போகக் கால் வரவில்லை. போனால் அந்தக் குரல் பதிவைப் பற்றியும் பேசவேண்டும், பேசினால் ஊரில் எல்லோருக்கும் என் நாக்கின் கதை தெரியவேண்டும். உப்பு தெரியாத மாஸ்டர் என்று பெயர் வாங்குவதை விட, மகனிடம் பொய் சொன்ன தகப்பனாக இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இதுதான் உனக்குத் தெரியாத காரணம். ஒரு வருஷம் நீ என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வைக்கப் போன இடத்தில் நீயாக ஏதோ கேட்டிருப்பாய், அவர் என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பிலேயே உனக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

இந்த ஒரு வருஷத்தில் நீ எனக்குச் செய்ததையும் எழுதிவிடுகிறேன், கல்யாணமாகி நீ அடையாறில் தனிக்குடித்தனம் போன பிறகு இதையெல்லாம் உன் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வராது. பாட்டிலை நிறுத்தவைத்தாய். விட்டுப்போன மறுபக்கத்தைச் சுத்தம் பண்ணக் கூட்டிப்போனாய். கறையையும் அன்றைக்கே போக்கினார்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு எடுக்கிற குட்டி பிரஷ் வாங்கிவந்து, நான் கூச்சப்படுவேன் என்று எனக்குச் சொல்லித்தராமல், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உன் பல்லிலேயே தினமும் விட்டு எடுத்தாய். உனக்கு அது தேவையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. பார்த்துப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். பாட்டிலை நிறுத்திய இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் உன் அம்மா மாங்காய் நறுக்கி உப்பு தூவி வைத்தாள். ஒரு துண்டு வாயில் போட்டதும் உப்பு நறுக்கென்று நாக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புளிப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிஷம், வேகமில்லாமல், ஈறை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்கிறேன். பல் ஆடுவது நின்றிருக்கிறது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டரம்மாவைப் போய்ப் பார்க்கிறேன். மவுத்வாஷ் அவர் எழுதிக்கொடுத்தால் உண்டு, சொன்ன நாள்வரைக்கும்தான். உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆனாலும் தகப்பன் சும்மா இருக்க மாட்டான் அல்லவா. நீயும் உன் மனைவியும் பேசித்தீர்க்க வேண்டியது ஏதாவது வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பூ வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று இருக்காதே. பூவும் வாங்கிக் கொடு, அது வேறு விஷயம்.

இன்று காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு பஸ் பிடித்து பெசன்ட் நகர் போனேன். ஊரூர் குப்பத்துப் பக்கம், கரையில் படகு நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மீன் வறுத்து விற்கும் ஒரு கடையில் காஜா மசாலா தடவிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்கு ஐந்து அண்டா இறக்குகிற கை, வஞ்சிரத் துண்டுக்குத் தடவிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மவுத்வாஷ், நாலு டம்ளர், பொய், எல்லாம். "காஜா, நீ சொன்ன உப்புதான் சரி. என்னை மன்னிச்சுடு" என்றேன். அவர் மசாலாக் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "எங்கிட்ட இன்னாத்துக்கு மாஸ்டர் சொல்றீங்க? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே."

"தெரிஞ்சும் அன்னிக்கு ஏன்யா வாயத் தொறக்கல? நீயே தப்புன்னு ஒத்துக்கிட்டியே."

"கல்யாண வூடு மாஸ்டர். நீயா நானான்னு ரெண்டு பேரும் கத்திக்கினு நின்னா பொண்ண பெத்தவரு மூஞ்சி இன்னாத்துக்கு ஆவும்? அவரு மானத்த காப்பாத்துனேன். உங்க மானத்த இல்ல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். பத்தொன்பது வருஷம் இப்படிப்பட்ட மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரை வெங்காயம் சரியாக நறுக்குகிற ஆள் என்று மட்டும் நினைத்திருக்கிறேன். வலீமாவுக்கு வந்து உப்பு பார்த்துக்கொடு என்று கெஞ்சினேன். "வர்றேன் மாஸ்டர். புள்ள வூட்டாண்ட வந்து கூப்ட்டுக்கீறான். பந்தில குந்தி ரெண்டு தட்டு துன்ட்டுப் போவேன். அண்டா கிட்ட வரமாட்டேன்" என்றார். பிறகு வாசல்வரை வந்து, "சொல்றதா இருந்தா தெரியாதவங்களாண்ட போய் சொல்லுங்க. அவங்கதான் நெறைய பேரு கீறாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் கேட்டது நியாயம். காஜாவிடம் மன்னிப்புக் கேட்டது எனக்கு மட்டும்தான் ஆறுதல், அவருக்கு அதனால் ஒரு வேலையும் திரும்பி வராது. அதனால் வரும்போதே அந்த அடையாறு கல்யாணப் பெண்ணின் தகப்பனாரைத் தி.நகர் கடையில் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் காஜாவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை. உன் வலீமாவுக்கு நானே போடுகிறேன், ஆனால் உலைக்கு நீயும் வந்து நில். எல்லோர் முன்னாலும் உன் உள்ளங்கையில் ஊற்றுகிறேன். நீ போதும் என்றால் போதும்.

இந்தக் கடிதம் ஒன்பது பக்கம் வந்துவிட்டது. உனக்குத்தான் எழுதினேன், ஆனால் உனக்கு முன்னால் இதை வேறு ஆட்கள் படிக்கவேண்டும். ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, அன்று குரல் பதிவு போட்ட அதே குழுவில் போடப்போகிறேன். எல்லாப் பக்கமும் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் இதை உன் மேஜைமேல் வைப்பேன். நீ வேலை முடிந்து வந்து பிரிக்கும்போது திருவல்லிக்கேணியில் அத்தனை மாஸ்டர்களும் படித்து முடித்திருப்பார்கள். பாதிப் பேருக்கு நீளமாகப் படிக்கிற பழக்கம் கிடையாது, கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள். அதனால் அவர்களுக்காகக் கீழே பெரிய எழுத்தில் எழுதிவிடுகிறேன்.

அடையாறு கல்யாணத்தில் காஜா சொன்ன உப்பு சரி. அதற்கு மேல் இரண்டு கை போட்டவன் நான்.